நகரசபைக்குச் சுகமில்லை

இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் இலங்கையில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் இருக்கிற காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, கேட்க வந்தவனே தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும்படி இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் நகரசபையின் கணக்காளர்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் ஒருநாளாவது அவரிடம் பில் பாஸ் பண்ணப் போயிருக்க வேண்டும்.

அவருக்குப் பெயர் இல்லாமலில்லை. வாய் நிறைய ஒரு பறங்கிப் பெயர் இருந்தது. ஆனால் ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பஞ்சப்பாட்டு என்றால் பஸ் கொண்டக்டரே அவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். மற்ற நேரமெல்லாம் எங்களைப் போல மட்டக்களப்புத் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பாட்டனார் காலத்துப் போர்த்துக்கேயப் பாஷையில் ஏதோ இரண்டு வார்த்தை வரும். அது எங்களுக்கு விளங்காது. அவருக்கும் முழுசாக விளங்கியது என்று நான் நினைக்கவில்லை.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பின்னேரமே எங்கள் சபைத் தலைவரான தவிசாளர் எனக்கு ரெலிபோன் கோல் எடுப்பார். வாவிக்கரையில் ஒரு சந்தை, ஒரு பஸ் நிலையம், நடுவில் ஒரு நகரசபை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே வருமானப் பிரிவில் எழுதுவினைஞர். என் மேசைக்கும் பஞ்சப்பாட்டின் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும் இருந்தது. அதனால் அவருடைய கச்சேரிகளை எல்லாம் ஓசியில் கேட்கும் பாக்கியம் பெற்றவள் நான்.

கச்சேரி எப்போதும் ஒரே வரியில்தான் தொடங்கும். "சபைக்குச் சுகமில்ல." வந்தவர் கொந்திராத்துக்காரராக இருந்தாலும் சரி, சபை உறுப்பினராக இருந்தாலும் சரி, அந்த வரியைக் கேட்டவுடன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "என்ன சேர் செய்யுது?" என்று, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரரை விசாரிப்பது போலக் கேட்பார். பஞ்சப்பாட்டு யன்னல் பக்கம் பார்ப்பார். அவ்வளவுதான், பில் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

அவர் அறையில் வருகிறவர்களுக்கென்று ஒரே ஒரு கதிரை. அதற்கு ஒரு கால் கட்டை, உட்கார்ந்தால் ஆடும். பாவப்பட்டு நான் ஒருநாள் தச்சனைக் கூட்டி வந்தேன். தச்சனுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"மகள், இந்தக் கதிரையில இரிக்கிறவனுக்கு விழாம இரிக்கிறதுதான் வேலை. கேக்க வந்தத மறந்திருவான். நல்ல கதிரையப் போட்டா சாஞ்சி இரிந்து யோசிப்பான். யோசிச்சா கூடக் கேப்பான்."

"அப்ப அந்த மின்விசிறியையும் நீங்கதான் கழட்டினீங்களா சேர்?"

"காத்து வந்தா ஆசை வரும் மகள்," என்றார், முகத்தில் ஒரு சிரிப்பில்லாமல்.

காசு கொடுக்காமல் இருப்பதில் மட்டும் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்குவதிலும் அதே பாட்டுத்தான். சபைக்குச் சேரவேண்டிய சோலைவரியைக் கட்டாத கடைகளுக்கு நாங்கள் சிவப்பு எழுத்தில் அறிவித்தல் அனுப்புவோம், முதலாளிமார் அதில் வடை சுற்றிக் கொடுப்பார்கள். பஞ்சப்பாட்டு அறிவித்தல் அனுப்ப மாட்டார். உச்சி வெயிலில் சைக்கிளில் தானே போவார். ஒருமுறை ஒரு புடவைக்கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். வாசலில் வியர்வையைத் துடைக்காமல் நின்றுகொண்டு, "முதலாளி, நான் வரி கேக்க வரல்ல. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க. சபையில தண்ணி பில்லும் கட்டக் கிடக்கு," என்றார். கடைக்குள் கலியாணச் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். பஞ்சப்பாட்டு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்று பெருமூச்சு விட்டார். முதலாளி காசு லாச்சியைத் திறந்தார்.

"இந்தாங்க சேர், பழைய பாக்கியையும் சேத்து எடுங்க. எடுத்திட்டுப் போங்க. நீங்க நிண்டா இஞ்ச ஒருத்தரும் கூறைச்சேலை எடுக்கமாட்டாங்க!"

தவிசாளருடன் நடந்ததுதான் பெரிய கூத்து. பதவிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஊர் எல்லையில் எதையாவது கட்டிவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு காய்ச்சல் பிடிக்கும். இவருக்குப் பிடித்தது மீன். கொங்கிரீட்டில் பெரிய மீன், வாயால் தண்ணீர் பீச்ச வேண்டும், கலர் லைட் எரிய வேண்டும், பொத்தானை அமத்தினால் பாடவும் வேண்டும். கீழே கல்லில் தன் பெயர். இதை அவர் பஞ்சப்பாட்டின் கட்டைக்கால் கதிரையில் தள்ளாடியபடி விளக்கி முடித்தார்.

பஞ்சப்பாட்டு தவிசாளரின் கையைப் பிடித்துப் பின் வளவுக்குக் கூட்டிப்போனார். குப்பை எடுக்கிற ட்ரக்டர் டயர்கள் எல்லாம் தரையோடு ஒட்டி நின்றன.

"டயர் வாங்க வழியில்ல சேர். நீங்க மீன் கட்டுங்க. நான் தடுக்கல்ல. ஊர்க் குப்பைய நான் தலையில சுமக்கிறன்."

தவிசாளர் சொந்தக் காசில் தொழிலாளர்களுக்கு பிஸ்கற் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி காரில் ஏறினார். கார் மறைந்ததும் பஞ்சப்பாட்டு சைக்கிள் கடைப் பையனிடம் பம்ப் கேட்டு ஆள் அனுப்பினார். காலையில் அவரே குந்தியிருந்து டயர்க் காற்றைத் திறந்துவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ட்ரக்டர் வழக்கமான நேரத்துக்குக் குப்பை எடுக்கப் போனது. பிஸ்கற்றுக்கு நன்கொடை என்று ஒரு ரசீதும் எழுதினார், மறக்கவில்லை.

மாகாணத் தலைமைக் கந்தோருக்கு, அந்தப் பெரிய அலுவலகத்துக்கு, நிதி ஒதுக்கீடு கேட்டுப் போகும்போது அணிய அவரிடம் ஒரு சேர்ட் இருந்தது. கழுத்துப்பட்டி நைந்து, முழங்கைப் பக்கம் கிழிந்தது. அதைக் கழுவி, அயன் பண்ணி, அலுமாரியில் தனியாகத் தொங்கவிட்டிருப்பார். ஒருமுறை அங்கே படியில் குந்தியிருந்து அழுதுவிட்டுத் திரும்பியவர் ஒதுக்கீட்டோடு ஒரு சோற்றுப் பார்சலும் கொண்டு வந்தார்.

"யாரோ ஒரு சின்னப் புள்ள, புதுசா வேலைக்கு வந்தது. என்னைப் பாத்திட்டுத் தன்ட சோத்தத் தூக்கித் தந்திட்டு மகள்."

"ஐயோ சேர், வாங்கினீங்களா?"

"வாங்காட்டி நம்பமாட்டாங்களே!"

உள்ளே மீன் பொரியலும் கத்தரிக்காய்ப் பால்கறியும். எனக்குப் பாதி தந்தார். நான் தின்றேன். கைப்பக்குவம் நன்றாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் கேட்டு அவரைக் கள்ளன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். ஒரு சதம் அவர் வீட்டுக்குப் போனதில்லை. பெற்றோல் வரிசைக் காலத்தில் சுற்றிவரச் சபைகள் எல்லாம் குப்பை வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது எங்கள் ட்ரக்டர் மட்டும் ஓடியது. மாரியில் வாவி பெருகி ஊருக்குள் ஏறியபோது, எந்த உத்தரவுக்கும் காத்திராமல் மறுநாளே வடிகான் வெட்ட மெஷின் வந்தது. "காசு எங்கால சேர்?" என்று கேட்டால், "கடன்தான் மகள், கடன்தான்," என்று தலையில் கை வைப்பார். கடனும் இல்லை, மண்ணுமில்லை. வாசிக்கிறவனுக்குக் கொட்டாவி வரும்படி 'வடிகான் மூடி பராமரிப்பு ஒதுக்கம்' என்று பெயர் வைத்து வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தார். ஒரு தவிசாளரும் அந்த வரியைத் தாண்டி வாசித்ததில்லை.

இந்தப் பாட்டுக்கு மயங்காத ஒரே ஆள் சந்தை வீதி கூட்டுகிற பாக்கியம் அக்கா. தும்புத்தடியும் கையுமாக நேரே அவர் அறைக்குள் வருவார். "என்ன சேர், இண்டைக்குச் சபைக்கு மூச்சு ஓடுதா? ஓடினா எங்களுக்குக் கையுறை வாங்கித் தாங்க," என்பார். பஞ்சப்பாட்டு பாட வாயெடுப்பார். "பாட்டு வேணாம் சேர், கையுறை," என்பார். கையுறை வந்துவிடும்.

பாக்கியம் அக்கா குமரியாக இருந்தபோது தற்காலிகம் என்று சேர்ந்தவர். மகளுக்குக் கலியாணமாகிய பிறகும் தற்காலிகம்தான். புருசன் இறால் வீசப் போய் முதுகு பிடித்து வீட்டோடு கிடக்கிறார். இந்த நிலையில்தான் அரசாங்கத்தின் சுற்றுநிருபம் ஒன்று வந்தது. நீண்டகாலத் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கலாம், ஆனால் அவர்களின் சம்பளத்தைச் சொந்த வருமானத்தில் கொடுக்கச் சபைக்கு வலு இருக்கவேண்டும். வலு இருக்கிறதா என்று பார்க்க மாகாணத்திலிருந்து ஒரு அதிகாரி வருவார். அவர் இருக்கிறது என்று எழுதினால் நிரந்தரம், பென்சன். இல்லை என்று எழுதினால் ஒன்றுமில்லை. பாக்கியம் அக்காவுக்கு வயதெல்லை வருகிற சித்திரையோடு முடிகிறது. இந்த முறை தவறினால் பிறகு எந்தக் காலத்திலும் இல்லை.

செய்தி கேட்ட அன்றைக்கே வந்தார். தும்புத்தடியை வெளியே வைத்துவிட்டு வந்தது அதுதான் முதல்தடவை.

"சேர், நான் படிக்காத மனிசி. ஒண்டு மட்டும் சொல்லுங்க. சபைக்குச் சுகமா, சுகமில்லையா?"

பஞ்சப்பாட்டு பழக்கத்தில் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "பாப்பம் பாக்கியம், நீ போ," என்றார்.

"பாப்பம் எண்டா என்ட வயசு நிக்குமா சேர்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். பஞ்சப்பாட்டு தட்டிக்கு மேலால் என்னை எட்டிப் பார்த்தார். அந்த முகத்தில் நான் முதன்முதலாக நிஜமான பயத்தைக் கண்டேன்.

"மகள், எனக்கு இரிக்கு எண்டு சொல்லிப் பழக்கமில்லையே!"

அன்றிலிருந்து ஒத்திகை. நான்தான் அதிகாரி. கையில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்பேன்: "சபையின் நிதிநிலைமை எப்படி?"

"ஆண்டவர் கிருபையால... ஏதோ... இழுத்துப் பறிச்சி..."

"சேர்! இழுக்கவும் வேணாம், பறிக்கவும் வேணாம். நல்லா இரிக்கு எண்டு சொல்லுங்க."

"நல்லா..." என்று தொடங்குவார். 'இரிக்கு' வருவதற்குள் குரல் இறங்கிவிடும், கண் கலங்கிவிடும். மூன்றாம் நாள் எனக்கே அழுகை வந்து பேனாவை வைத்துவிட்டேன். "சேர், நீங்க வாயத் திறக்காதீங்க. கணக்கு பேசட்டும்," என்றேன்.

தவிசாளருக்கோ ஒரே குஷி. சபை பணக்காரச் சபையாகத் தெரியவேண்டும் என்று எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். கலியாண மண்டபத்திலிருந்து சாட்டின் உறைகள் எடுத்து வந்து கந்தோர்க் கதிரைகள் எல்லாவற்றுக்கும் போட்டு, பின்னால் ரோஸ் நிறத்தில் முடிச்சும் கட்டச் சொன்னார். விருந்துக்கு மாங்கேணியிலிருந்து நண்டு, உன்னிச்சையிலிருந்து எருமைத் தயிர். கட்டைக்கால் கதிரைக்கும் யாரோ உறை போட்டுவிட்டார்கள். எது அந்தக் கதிரை என்று கண்டுபிடிக்க நானும் பஞ்சப்பாட்டும் காலையில் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்துவிட்டது.

இறங்கியவர் ஒரு பெண் அதிகாரி. மெலிந்த உருவம், மூக்குக்கண்ணாடி. மாலையை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கணக்குகளைக் கேட்டார். மத்தியானம்வரை தலை நிமிரவில்லை. பாக்கியம் அக்கா யன்னலுக்கு வெளியே கூட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த ஒரே இடத்தைத்தான் கூட்டிக்கொண்டிருந்தார்.

கட்டைக்கால் கதிரை எது என்பது சாப்பாட்டு நேரத்தில் தெரியவந்தது. தவிசாளர் கையில் நண்டுக்காலோடு, சாட்டின் முடிச்சோடு, குழம்புக் கோப்பையோடு தரைக்குப் போனார். அதிகாரி குனிந்து பார்த்து, "அடிபட்டிட்டா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கணக்கைத் திருப்பினார். எனக்கு அவரை அந்தக் கணமே பிடித்துவிட்டது.

கை கழுவி வந்ததும் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கணக்கு நல்லா இருக்கு. எனக்கு நம்ப ஏலாத அளவுக்கு நல்லா இருக்கு." பிறகு பஞ்சப்பாட்டை நேராகப் பார்த்தார். "ஐயா, நீங்கதானே முந்தி எங்கட கந்தோர்ப் படியில இருந்து அழுதவர்? நான் அப்ப வேலைக்கு வந்து ஒரு கிழமையும் இல்ல. என்ட சோத்த உங்களுக்குத் தந்திட்டு அண்டைக்கு நான் பட்டினி."

எனக்கு அந்தக் கத்தரிக்காய்ப் பால்கறி தொண்டைவரை வந்துவிட்டது.

"அண்டைக்கு நீங்க அழுதது உண்மையெண்டா இந்தக் கணக்கில ஏதோ பிழை இருக்கு. நான் வலு இல்லையெண்டுதான் எழுதுவன். இந்தக் கணக்கு உண்மையெண்டா, நீங்க அழுதது என்ன?"

வெளியே தும்புத்தடிச் சத்தம் நின்றுவிட்டது. தவிசாளர் சட்டையில் குழம்போடு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பஞ்சப்பாட்டுக்கு நன்றாகத் தெரியும். அழுதது பொய் என்று சொன்னால், ஆயுள் முழுக்கப் பூட்டி வைத்த பெட்டியைத் தவிசாளர் முன்னால் திறந்து வைத்த மாதிரி. இனி அவர் எந்தப் பாட்டுப் பாடினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். விசாரணை வரும், ஓய்வுபெறும் நேரத்தில் மானமும் போகும். சொல்லாவிட்டால் பாக்கியம் அக்காவுக்குச் சித்திரை வந்துவிடும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அழுதது பொய், மெடம்."

இழுக்காமல், இறக்காமல் வந்தது அந்தக் குரல். இத்தனை நாள் ஒத்திகையில் ஒருதரம்கூட வராத குரல்.

"காசு அண்டைக்கும் இரிந்திச்சு. இப்பவும் இரிக்கு. ஒரு சதம் பிழையில்ல. சபைக்கு ஒரு வருத்தமும் இல்ல மெடம், நல்ல சுகம்."

"அப்ப ஏன் அழுதீங்க?"

"இரிக்கு எண்டு சொல்லியிருந்தா இரிந்திராது மெடம்."

அதிகாரி தவிசாளரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தவிசாளரைப் பார்த்தோம். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கந்தோரே அதிரக் கத்தினார்: "அப்ப என்ட மீன்?"

"உங்கட மீனைப் பிறகு பாப்பம்," என்றார் அதிகாரி. "முதல்ல என்ட மீன் பொரியலுக்குப் பதில் சொல்லுங்க ஐயா."

பஞ்சப்பாட்டு கொஞ்சமும் தயங்காமல் கையை என் பக்கம் நீட்டினார். "அதில பாதிய இந்த மகள் சாப்பிட்டது, மெடம்." ஒரு சாட்டின் உறை கிடைத்திருந்தால் தலையோடு போட்டுக்கொண்டிருப்பேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தபடியே வலு உண்டு என்று எழுதினார். சித்திரைக்கு முன்னரே பாக்கியம் அக்காவுக்கு நியமனம் வந்தது. பஞ்சப்பாட்டுக்கு விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதமும் வந்தது. பொய் சொல்லி ஒதுக்கீடு வாங்கியதற்கு நல்ல விளக்கம் எங்கே இருக்கிறது? கடுமையாக எச்சரித்ததோடு விட்டார்கள்.

அதைவிடக் கொடுமை மறுநாள் காலையில் அவர் அறை வாசலில் நின்ற கூட்டம். உறுப்பினர்கள், கொந்திராத்துக்காரர்கள், மன்றங்கள், கழகங்கள். "சபைக்குச் சுகமில்ல" என்று அவர் தொடங்க, எல்லோரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். மின்விசிறி திரும்பவும் மாட்டப்பட்டது. அதற்குக் கீழே இருந்து அவர் ஒவ்வொரு பில்லாகக் கையெழுத்து வைத்ததைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவள் நான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "சேர், சொல்லாமல் விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "மகள், பாக்கியத்துக்கு வயசு நிக்காதே," என்றார். அந்த வருடமே ஓய்வு பெற்றார்.

மீன் கட்டியாயிற்று. கொஞ்சநாள் தண்ணீர் பீச்சியது, பாடவில்லை. இப்போது அதன் வாயில் காகம் கூடு வைத்திருக்கிறது. புதுக் கணக்காளர் நல்ல பிள்ளை, கழுத்தில் ரை கட்டுவார். கூட்டங்களில் திரையில் படம் போட்டு, மேல்நோக்கிப் போகிற அம்புக்குறியைக் காட்டி, சபையின் நிதி ஆரோக்கியம் மிகவும் திருப்தி என்பார். எல்லோரும் கைதட்டுவோம். பின் வளவில் ட்ரக்டர் டயர்கள் தரையோடு ஒட்டி நிற்கின்றன. இந்த முறை யாரும் காற்றைத் திறந்துவிடவில்லை.

பாக்கியம் அக்கா வேலை முடிந்து போகும்போது சில நாள் பஞ்சப்பாட்டின் வீட்டு வாசலையும் கூட்டிவிட்டுப் போகிறார். "போற வழிதானே தங்கச்சி," என்கிறார். அவர் வீட்டுக்கும் பஞ்சப்பாட்டின் வீட்டுக்கும் நடுவில் வாவி முழுசாகக் கிடக்கிறது.

பஞ்சப்பாட்டு கந்தோர்ப் பக்கம் வருவதில்லை. மாதம் ஒருமுறை, சம்பள நாளில் மட்டும் எனக்குக் கோல் எடுப்பார். அம்புக்குறியைப் பற்றிக் கேட்பதில்லை, மீனைப் பற்றிக் கேட்பதில்லை.

"மகள், பாக்கியத்துக்குச் சம்பளம் போட்டாச்சா?"

"போட்டாச்சு சேர். ஏன் அவக்கு மட்டும் கேக்கிறீங்க?"

"கடைசியாப் போடுறது வீதி கூட்டுறவங்களுக்குத்தானே. அங்க போயிரிந்தா எல்லாருக்கும் போயிரிக்கும். சபைக்கு இன்னம் உயிர் இரிக்கு."

மத்தியானத்துக்குள் அந்தக் கோல் வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது. நானே எடுத்துச் சொல்வேன்: "சேர், போட்டாச்சு." அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு வரும். "இந்த மாசம் சரி மகள். வாற மாசம் என்ன பாடோ தெரியா..." என்று குரல் இறங்கும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.